விடுபட்ட முப்பத்து நாலாவது வருடம்

மகன், அஸ்ஸலாமு அலைக்கும். மேல்மாடியில் இருக்கிற பிள்ளைக்குக் கீழே இருக்கிற வாப்பா கடிதம் எழுதுகிறான் என்று கேள்விப்பட்டால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். பதின்மூன்று படி ஏறி வந்து நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் நேரில் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் தெரியும். "ஒங்கட வாப்பாக்கு அல்லாஹ் ரெண்டு காது குடுத்தான், வாய் அந்த ரெண்டையும் முழுங்கிட்டு" என்று உன் உம்மா சொல்லுவாவே, அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால்தான் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து, உரக் கம்பெனிக்காரன் இலவசமாகத் தந்த டயரியில் குந்தியிருந்து எழுதுகிறேன். மாரி விதைப்பு முடிந்துவிட்டது. முதல் உரத்துக்கு ஆட்கள் வர இன்னும் சில நாள் இருக்கிறது. வெளியே மழை, உள்ளே நானும் உர மூட்டைகளும்.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு நிக்காஹ். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு நீ சம்மாந்துறைக்குப் போய்விடுவாய். நம் பக்கத்து வழக்கம் அதுதான். பெண்பிள்ளை பெற்ற வீட்டில் இருப்பாள், ஆண்பிள்ளை புறப்பட்டுப் போவான். நானும் அப்படித்தான் முப்பத்தைந்து வருடத்துக்கு முன் இரண்டு சாரனும் ஒரு சேட்டும் உள்ள பையோடு உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். நீ போவதில் எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்தக் கடிதம் அந்தக் கவலைக்காக இல்லை. உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. எட்டு மாதமாக என் மண்டைக்குள் ஒரு குழப்பம். அதைத் தீர்க்காமல் உன்னை அனுப்பினால், வெள்ளிக்கிழமை நீ என் கையைப் பிடித்து ஸலாம் சொல்லும்போது நான் எந்த முகத்தோடு நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கே தொடங்குவது? உன் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன், என் குழப்பமும் அங்கேதான் தொடங்கியது. நீ கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து, மேலறையில் மேசையைப் போட்டு, வீரமுனையிலிருந்து கஜனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இரண்டு பேரும் விடிந்தால் பொழுதுபட்டால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா?

"இது ஆர்ட கம்பெனி மகன்?"

"கம்பெனி வெளிநாட்டுக்காரன்ட வாப்பா. கடைக்காரங்க அவங்கட கணக்க இன்டர்நெட்டுல அவன்ட சேவைக்குள்ளதான் எழுதுற."

"அப்ப நீ அவன்ட ஆளா?"

"இல்ல."

"சம்பளம் அவன் தாறயா?"

"இல்ல வாப்பா."

"சம்பளமும் இல்ல, ஆளும் இல்லண்டா அவன்ட ஊட்டுக்குள்ள ஒனக்கென்ன வேல?"

நீ சிரித்தாய். அவனுடைய சேவையில் இல்லாத ஒன்றை நீங்கள் செய்து அதில் பூட்டுகிறீர்கள் என்றும், அதற்கு அட் ஒன் என்று பெயர் என்றும், தேவைப்பட்ட கடைக்காரர்கள் மாதாமாதம் உங்களுக்குத் தருவார்கள் என்றும் சொன்னாய். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. கஜன்தான் என் மொழியில் சொன்னான். "அங்கிள், உங்கட கடைக்குப் பக்கத்துப் பட்டறையில கை உழவு மெசினுக்குக் கலப்பை அடிக்கிறாங்கதானே? மெசின் ஜப்பான்காரன்ட. கலப்பை நம்மட. அப்பிடி நினையுங்க." அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அடுத்த நாளே இன்னொரு இருட்டும் வந்தது. நீங்கள் அடிக்கிற கலப்பை என்ன கலப்பை? சகாத்துக் கணக்குப் பார்க்கிற கலப்பை! ஏழைகளுக்குக் கடமையாகக் கொடுக்க வேண்டிய பங்கு வியாபாரத்துக்கு எவ்வளவு, நகைக்கு எவ்வளவு, நெல்லுக்கு எவ்வளவு என்று ஒரு மனிதனுக்கு எடுத்துச் சொல்லுகிற ஒன்று. லண்டனிலும் மலேசியாவிலும் இருக்கிற நம் ஆட்கள் வாங்குகிறார்களாம். அதில் பாதியை எழுதுகிறவன் வருடா வருடம் கோயில் தேர் வடத்தைப் பிடிக்கிற பிள்ளை. "வானம் பார்த்த நெல்லுக்குப் பத்திலொண்டு, செலவழிச்சுத் தண்ணி இறைச்ச நெல்லுக்கு இருபதிலொண்டு, சரிதானே அங்கிள்?" என்று அவன் என்னிடம் கேட்டபோது, பள்ளிவாசல் சகாத்துக் குழுவில் ஏழு வருடம் இருந்த நான் ஒரு வினாடி யோசித்துத்தான் ஓம் என்றேன்.

போன வருடம் அந்த வெளிநாட்டுக்காரன் தன் சேவையை ஏதோ மாற்றினான். உங்கள் கலப்பை பூட்டுகிற ஆணி ஓட்டையை அவன் இடம் மாற்றிவிட்டான் என்று நான் விளங்கிக்கொண்டேன். வாங்கினவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் வேலை செய்யாமல் போய்விட்டது. நீ மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது நான் செய்தது என்ன? மேலே வந்து, "அடுத்தவன்ட மெசினுக்குப் பின்னால ஓடுறத விட்டிட்டு ஒரு கவர்மெண்ட் வேலைக்குப் போடு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஆறுதலாக ஒரு சொல் சொல்ல எனக்கு வரவில்லை. தேத்தண்ணியாவது கொண்டு வந்திருக்கலாம். நீ முழுவதையும் அடியிலிருந்து திரும்ப எழுதினாய். எழுதி முடித்ததும் என்னிடம் வந்து, "வாப்பா, இதச் சோதிச்சுப் பாக்க பொய்க் கணக்கு சரிவராது. கனகாலம் ஓடின உண்மையான கடைக் கணக்கு ஒண்டு வேணும். உங்கட கொப்பிகளத் தருவீங்களா?" என்று கேட்டாய்.

மகன், அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை நான் உனக்குக் காட்டவில்லை. கடை திறந்த நாளிலிருந்து முப்பத்து மூன்று கொப்பி. ஒன்றிலும் கரையான் ஏறவிடாமல் உரப்பையின் உள்தாளால் உறை போட்டு வைத்திருந்தேன். யாராவது ஒரு நாள் அதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கிறேன் போல. "கவனம், ஒற்றை கிழிஞ்சுப்போம்" என்று முறைத்துக்கொண்டே தந்தேன். நீயும் உம்மாவும் கஜனும் மாறி மாறி வாசித்து ஏற்றினீர்கள். கீழே படுத்திருந்து என் வியாபாரத்தை நான் காதால் கேட்டேன். இந்தக் கணக்கைப் பார்த்து எந்த மெசினும் வாயடைத்துப் போகும் என்று நினைத்தேன்.

நம் ஊரில் உரக்கடைக்காரனின் வருடம் எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியும். விதைக்கிற காலத்தில் எடுத்துக்கொண்டு போவார்கள், வெட்டி முடிந்ததும் வந்து தீர்ப்பார்கள். மாரி வெள்ளாமை வெட்டி முடிந்தால் கடைக்கு வருடம் முடியும். அன்றைக்கு நான் கடைச் சாமானை எண்ணுவேன். மாவடிப்பள்ளி வயலில் வெட்டிய நெல்லுக்குச் சகாத்து அந்த நாளில்தான் கடமை. ஆகவே நெல்லுக்குக் கொடுக்கிற கையோடு கடைக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுவேன். கொப்பியின் கடைசி ஒற்றையில் அதை வாங்குகிற நாற்பது வீட்டின் பெயர். ஒரு வருடமும் தவறியது இல்லை. சண்டைக் காலத்திலும் தவறவில்லை, கடல் ஊருக்குள் வந்த வருடத்திலும் தவறவில்லை. இதை ஊரில் எல்லாரும் அறிவார்கள். நானும் அறிவேன், கொஞ்சம் கூடுதலாகவே அறிவேன்.

பிறகு அந்த அசர் நேரம். நீ படியில் நின்று, "வாப்பா, ஒருக்கா மேல வாங்களன்" என்று கூப்பிட்டாய். திரையில் எல்லாம் பச்சை, நடுவில் ஒரேயொரு வரி மட்டும் சிவப்பு. நீ மெதுவாகத்தான் சொன்னாய். இப்போது யோசித்தால் எவ்வளவு மெதுவாகச் சொன்னாய் என்று விளங்குகிறது. "வாப்பா, நெல்லுக்கு வெட்டுற நாள் சரி. கடச் சாமானுக்கு வெள்ளாம வருசம் இல்ல, பிற வருசம், சந்திரனப் பாத்து எண்ணுற வருசம். வெள்ளாம வருசம் பிற வருசத்த விடப் பதினொரு நாள் கூட. அது சேர்ந்து சேர்ந்து வந்து, பிறக் கணக்குக்கு முப்பத்து நாலு வருசம் முடிஞ்சிரிக்கி. நீங்க குடுத்த முப்பத்து மூண்டு."

ஒரு வருடம். நான் கொடுக்காத ஒரு வருடம் என் கொப்பிகளுக்குள்ளேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். அதைச் சொன்ன பிள்ளையிடம் நான் என்ன சொன்னேன் என்று திரும்ப எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன், எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. "எனக்குச் சகாத்துப் படிப்பிக்க வந்திட்டியா? அப்ப நான் ஒனக்கு ஹறாமான சோத்தத் தந்தா வளத்த? அடுத்தவன்ட மெசினுக்கு வால் புடிக்கிறவன் என்ட ஈமானுக்குக் கணக்குப் பாக்கிறயா? அழிச்சுப் போடு! இந்தச் சனியன என்ட ஊட்டுக்குள்ள வெச்சிரிக்காத!" சொன்னதோடு நிற்கவில்லை. லெப்டொப்பின் மூடியை ஓங்கி அடித்து மூடினேன், அதன் ஒரு பக்கத்துப் பிணைச்சல் கழன்றது. கஜன் எழுந்து நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ மூடியைத் திரும்பத் திறந்து, என் கண்முன்னாலேயே என் முப்பத்து மூன்று வருடத்தையும் அழித்துவிட்டு, "சரி வாப்பா" என்றாய். நீ என்னை எதிர்த்து இரண்டு சொல் கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அந்த "சரி வாப்பா" இன்னும் காதில் நிற்கிறது.

நான் மருமகனாக வந்த புதிதில் நடந்த ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. உன் உம்மாவின் வாப்பா அப்போது நெல் வாங்கி விற்றார். வீட்டுக்கு வந்து இரண்டாம் மாதம், நாலு பேர் நிற்கும்போது, "மாமா, ஒங்கட தராசு ஒரு பக்கம் சாயுது, விக்கிறவனுக்கு நட்டம்" என்று சொல்லிவிட்டேன். வயது இருபத்தேழு, வாய் மட்டும் எழுபது. நான் பயந்துபோய் இரவுச் சாப்பாட்டுக்கே முன்னால் வரவில்லை. மறுநாள் அவர் தராசைச் சைக்கிளில் கட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து வந்து, அதே நாலு பேர் முன்னால், "மருமகன் சொன்ன சரி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் மௌத்தாகும் வரை நான் அவர் சொல்லைத் தட்டியதில்லை. அவருக்குக் கிடைத்த அந்தக் குணம் எனக்கு ஏன் கிடைக்கவில்லை? அவர் மருமகனிடம் தாங்கிக்கொண்டதை நான் பெற்ற பிள்ளையிடம் தாங்கவில்லையே, அது என்ன நியாயம்? நீயும் ஒரு வீட்டுக்கு மருமகனாகப் போகிறாய். பிழையைக் கண்டால் சொல், ஆனால் நாலு பேர் போன பிறகு சொல். இதில் உனக்கு நான் புத்தி சொல்லத் தேவையில்லைதான், என் பிழையை நீ என் வீட்டு மேலறையில் வைத்துத்தான் சொன்னாய். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்த பிழை சம்மாந்துறையில். பெண் பேசப் போன அன்று உன் மாமனார் கேட்டார், "மாப்பிள்ள என்ன தொழில் செய்யிற?"

"கொம்பியூட்டர்" என்றேன்.

"கொம்பியூட்டர் விக்கிற கடையா?"

"இல்ல, அதுக்குள்ள செய்யிற வேல. கணக்கு."

"அப்ப பேங்கா?"

"பேங்க் மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டேன், ஏதாவது ஒரு பெயர் வேண்டுமே என்று. மனிதரின் முகம் கறுத்துவிட்டது. "வட்டியா ஹாஜியார்?" என்றார். உன் உம்மா உள்ளே இருந்து முந்தானையைக் கடித்துக்கொண்டு பார்க்கிறா. "அல்லாஹ்வே, வட்டி இல்ல! சகாத்து! சகாத்துக் கணக்குப் பாக்கிற மெசின் செய்யிறான்!" என்று நான் கத்தினதைப் பக்கத்து வளவிலும் கேட்டிருப்பார்கள். அவருக்கு முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! அப்ப ஒங்கட கடக் கணக்கும் மகன்தான் பாக்கிற போல?"

நான் "ஓம்" என்றேன்.

நீ என் பக்கத்தில் இருந்தாய். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, தட்டில் இருந்த தொதலைப் பார்த்தாய். வீட்டுக்குள் வைத்திருக்காதே என்று நான் விரட்டிய அதே மெசினைக் காட்டித்தான் உனக்குப் பெண் பேசி முடித்தேன். இது என்ன வகை மனிதன் என்று நீ என்னைப்பற்றி நினைத்திருந்தால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இனி என் உண்மையான குழப்பத்துக்கு வருகிறேன். மூன்று கிழமைக்கு முன் சுலைகா ராத்தா கடைக்கு வந்தா. நற்பிட்டிமுனையில் இடியப்பம் அவித்து விற்கிறாவே, கொப்பியில் ஏழாவது பெயர். நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு, "ஹாஜியார், இந்த வருசம் எங்கள ரெண்டு தரம் நெனச்சிட்டீங்க. அல்லாஹ் ஒங்கட கடையில பறக்கத்துச் செய்யட்டும்" என்றா. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஆர் தந்த?" என்று கேட்டேன். "மகன்தான் கொண்டு வந்து தந்த. வாப்பாட கொப்பியில ஒங்கட பேரு இரிக்கி எண்டு சொன்னார்" என்றா. பொய் சொல்லாமல் கொடுத்திருக்கிறாய். கெட்டிக்காரன். அதற்குப் பிறகுதான் உன் மோட்டார் சைக்கிள் நினைவு வந்தது. நாலு மாதமாகக் கஜனின் சைக்கிளில் திரிகிறாய். கேட்டதற்கு, "வித்திட்டன் வாப்பா, மறுகா ஒண்டு பாப்பம்" என்றாய். கல்யாணச் செலவுக்கு என்று நினைத்தேன். எட்டு வீட்டில் விசாரித்தேன். எட்டு வீட்டுக்கும் போயிருக்கிறாய்.

நேரே மௌலவியிடம் போனேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று தொடங்கி எல்லாவற்றையும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், தாடியைத் தடவிக்கொண்டு, "அந்த ஒருத்தர்ட மகன் சொன்ன வருசக் கணக்கு சரிதான் ஹாஜியார்" என்றார். பிறகு, "மகன் குடுக்கக்குள்ள நிய்யத்து ஆர்ட? மனசுல எண்ணிக் குடுத்த ஆரு?" என்று கேட்டார். "மகன்ட. வாப்பாக்குத் தெரியாது" என்றேன். "அப்ப அது மகன்ட சதக்கா, அவர் விரும்பிக் குடுத்த தர்மம். அவருக்கு அதுக்குக் கூலி இரிக்கி. வாப்பாட சகாத்து வாப்பாட தலையில அப்பிடியே இரிக்கி" என்றார். மழைக்குள் நடந்து வந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், ஒளிக்க மாட்டேன். சகாத்துக்கே மெசின் செய்கிறவனுக்கு இந்தச் சட்டம் தெரியாதா? பைக்கையும் விற்று, என்னையும் அப்படியே விட்டு, இது என்ன பைத்தியக்கார வேலை?

நீ இல்லாத நேரம் கஜனிடம் கேட்டேன். அவன் உங்கள் அட் ஒன்னைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினான். எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு ஒரு கேள்வி வருகிறது: இது உங்களுடைய நிய்யத்தா? பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் அடையாளம் போடாவிட்டால் மேலே போகாது. "முதல் நாளே இத வைக்கச் சொன்னது அவன்தான் அங்கிள். இதில்லாமக் குடுத்தாச் செல்லாது எண்டு எனக்குச் சொல்லித் தந்ததும் அவன்தான்" என்றான் கஜன்.

அப்போ உனக்குத் தெரியும்! தெரிந்துகொண்டுதான் கொடுத்திருக்கிறாய். என் கடமை அதனால் தீராது என்று தெரிந்தும் ஏன் கொடுத்தாய்? ஒரு கிழமையாக இதையே யோசித்தேன். என்னை வெட்கப்படுத்தவா? அப்படியென்றால் ஏன் ஒளித்தாய்? ஊரில் பெயர் எடுக்கவா? அப்படியென்றால் ஏன் என் கொப்பியைச் சொன்னாய்? கடைக்கு வருகிறவன் பூச்சி நாசினி கேட்டால் நான் உரத்தைத் தூக்கிக் கொடுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

நேற்று உன் உம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. "அவன் எனக்காகக் குடுத்தது எனக்குச் சேராதாமே, அது தெரிஞ்சுமா குடுத்த?" என்றேன். உம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வை! "ஒங்களுக்காக எண்டு ஆர் சொன்ன? எல்லாம் ஒங்களப் பத்தித்தானா? அவன் எனக்கிட்ட சொன்னது ஒண்டுதான். 'உம்மா, அந்த நாப்பது ஊட்டுக்கும் ஒரு வருசம் வராமலே போயிரிக்கி' எண்டான். ஒங்கட கணக்க நீங்கதான் முடிக்கோணும் எண்டும் சொன்னான்."

நான் அடுக்களை வாசலிலேயே குந்திவிட்டேன். முப்பத்து மூன்று வருடமாக நான் கொப்பியின் கடைசி ஒற்றையை எழுதும்போது, எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கணக்கைத்தான் பார்த்தேன். சிவப்பு வரி வந்த அன்றும் என் தலையைத்தான் பார்த்தேன். அதே வரியில் நீ நாற்பது அடுப்பைப் பார்த்திருக்கிறாய். சுலைகா ராத்தாவின் புருசன் நோயில் கட்டிலில் கிடந்த காலமும் அந்த வருடங்களுக்குள்தான் வருகிறது. அந்த விடுபட்ட வருடம் வந்திருந்தால் அவவுக்கு எந்த நாளில் எதற்கு உதவியிருக்குமோ! எனக்கு வெட்கமாக இருக்கிறது மகன். சந்தோசமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன். என்னைப் போல ஒருவன் வளர்த்த பிள்ளைக்கு இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. உம்மாவின் பக்கமாகத்தான் இருக்கும்.

இனி நான் கேட்பதைக் கேள். என் வருடத்தை நான்தான் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு ஆயத்தமாக இருக்கிறேன், எவ்வளவு என்பதுதான் தெரியாது, அதை நான் அழிக்கச் சொல்லி நீ அழித்துவிட்டாய். கொப்பிகளைத் திரும்ப ஏற்று. சிவப்பு வரி வந்தால் என்னைக் கூப்பிடு. அந்தப் பெட்டியில் அடையாளத்தை என் விரலால் போடுகிறேன். நாற்பது பெயரில் சிலர் மௌத்தாகிவிட்டார்கள், சிலர் ஊர் மாறிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் கஷ்டத்தில் இருந்தால் அவர்களைத் தேடிக் கொடுப்போம். பெயரை நான் சொல்கிறேன், வீட்டை நீ கண்டுபிடி. நிக்காஹ்வுக்கு முன் மாப்பிள்ளை மழைக்குள் திரியக்கூடாது என்று உம்மா சத்தம் போடுவா. போடட்டும், எனக்குப் பழக்கம். கஜனையும் வரச் சொல். அவன் முன்னால்தான் கத்தினேன், அவன் முன்னால்தான் "மகன் சொன்ன சரி" என்றும் சொல்ல வேண்டும். சம்மாந்துறைக்கும் நானே போய் என் "ஓம்" பொய் என்று சொல்லிவிட்டு வருகிறேன். பெண்ணைத் தரமாட்டேன் என்று சொல்கிற மனிதர் இல்லை அவர்.

வெள்ளிக்கிழமை சபை நிறைந்து இருக்கும்போது, வழக்கப்படி நீ என் கையைப் பிடித்து, "பொறுத்துக்கங்க வாப்பா" என்பாய். பொறுப்பதற்கு என்னிடம் உன் பிழை ஒன்றும் இல்லை. அதனால் அதற்கு முன்பே நான் கேட்டுவிடுகிறேன். நீ பொறுத்துக்கொள் மகன்.

டயரியைக் கொண்டுவந்து கொப்பிக் கட்டின் மேலே வைத்துவிடுவேன். முப்பத்து மூன்று கொப்பியும் சேர்ந்தால் பாரம், முழங்கால் இப்போது முன்னைப்போல் இல்லை. ஏழாவது படி வரைதான் என்னால் தூக்க முடியும். மிச்சப் படிகளை நீ இறங்கி வா. நான் அங்கேதான் நிற்பேன்.

வாப்பா